தோலோடு தின்ன வேண்டிய பழம்

பன்னீர்த் திராட்சையை நம் வீடுகளில் தின்கிற முறை ஒன்று உண்டு. பழத்தின் காம்புப் பக்கத்தை உதட்டில் வைத்து விரலால் லேசாகப் பிதுக்கினால் போதும், வழவழப்பான சதை அப்படியே நழுவி வாய்க்குள் போய்விடும். கருநீலத் தோல் விரலிடுக்கில் தங்கிவிடும். சதையை நாக்கால் புரட்டிக் கொட்டையைத் துப்பிவிடுவோம். ஒரு கொத்து தீரும்போது தட்டில் தோலும் கொட்டையுமாக ஒரு குவியல் சேர்ந்திருக்கும். அது குப்பைக்குப் போகும். திராட்சை உடம்புக்கு நல்லது என்று உலகம் முழுவதும் நடந்திருக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி அந்தக் குவியலைப் பற்றியவை. நாம் விழுங்குகிற சதையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்தான்.

திராட்சையைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். ரத்தம் ஊறும், இதயம் பலப்படும், புற்றுநோய் அண்டாது, முதுமை தள்ளிப்போகும், பார்வை தெளியும் என்கிறார்கள். இன்னொரு பக்கம், சர்க்கரை நோயாளி தொடவே கூடாது என்கிறார்கள். எதற்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் திராட்சை இன்று நோயாளியைப் பார்க்கப் போகும்போது மட்டும் வாங்கிப் போகிற பழம் இல்லை. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பந்தலில் அறுவடை நடந்துகொண்டே இருக்கிறது. அங்கே விளையும் மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம்தான் தன் ரோஜா மணத்தால் நம்மூரில் பன்னீர்த் திராட்சை ஆனது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகாராஷ்டிரத்தின் நாசிக் பகுதியிலிருந்து வரும் விதையில்லாப் பச்சைத் திராட்சையோ பருவத்தில் தள்ளுவண்டி முழுக்க நிறைந்திருக்கிறது.

முதலில் கணக்கு. 100 கிராம் திராட்சையில் 80 கிராமுக்கு மேல் தண்ணீர். மாவுச்சத்து சுமார் 18 கிராம், அதில் 15 கிராமுக்கு மேல் சர்க்கரை. அதுவும் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்ற எளிய வடிவில், ஏறக்குறைய சரிபாதியாக. அதனால்தான் களைத்து வருபவருக்குச் சில திராட்சை உடனே தெம்பு தருகிறது. ஆற்றல் 69 கலோரி. நார்ச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. பொட்டாசியம் 190 மில்லிகிராம், வைட்டமின் கே சுமார் 15 மைக்ரோகிராம், வைட்டமின் சி மூன்று மில்லிகிராம் சொச்சம். இவை போகத் தாமிரம், பி6, தயமின் கொஞ்சம் கொஞ்சம். சத்துப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் திராட்சை நடுத்தரமான பழம். வைட்டமின் சி-க்காக ஒருவர் திராட்சை வாங்குகிறார் என்றால், அதே எடைக் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். நார்ச்சத்திலும் கொய்யா பலமடங்கு மேல்.

ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதனால் கெடுதல் விளைகிறது. கறுப்புத் திராட்சைச் சாறு ரத்தத்தின் நிறத்தில் இருக்கிறது. பூப்பெய்திய பெண்ணுக்கும் கர்ப்பிணிக்கும் 'ரத்தம் ஊற' அதைக் கொடுக்கிற வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் 100 கிராம் திராட்சையில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூட இல்லை. நம் நாட்டுப் பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்று ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வகுத்திருக்கிறது. உலர் திராட்சையில் 100 கிராமுக்கு இரண்டு மில்லிகிராம் வரை உண்டு. ஆனால் யாரும் அதை நூறு கிராம் தின்பதில்லை, பத்து இருபது எண்ணித் தின்போம். போதாததற்கு, திராட்சைத் தோலின் துவர்ப்புப் பொருள்கள் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பைக் குடல் ஈர்ப்பதைச் சற்றுக் குறைக்கவும் கூடும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரை, ஈரல், மீன், முருங்கைக்கீரை, கேழ்வரகு, அவற்றோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ. திராட்சையை ரத்தசோகைக்கு மருந்தாக நம்பி மாத்திரையை ஒதுக்கிவைப்பது ஆபத்து.

அப்படியானால் திராட்சைக்கு என்ன பெருமை? தோலுக்கும் கொட்டைக்கும் வருவோம். கறுப்பு, சிவப்புத் திராட்சையின் நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமிகளால் வருவது. நாவற்பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் தருவது அதே குடும்பம். கொட்டையைக் கடித்தால் வரும் துவர்ப்பு ப்ரோஆந்தோசயனிடின்களால் வருவது. இவற்றைப் பொதுவாகப் பாலிஃபீனால்கள் என்கிறார்கள். ஒரு திராட்சையில் உள்ள மொத்தப் பாலிஃபீனால்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கொட்டையிலும், மிச்சத்தில் பெரும்பகுதி தோலிலும் இருக்கின்றன. சதைக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். பூஞ்சையையும் வெயிலையும் சமாளிக்கக் கொடி தனக்காகச் செய்து வைத்துக்கொள்ளும் பொருள்கள் இவை. கொடிக்கு வேலி தோலில்தான் வேண்டும், ஆகவே சத்தும் அங்கே சேர்கிறது.

இந்தப் பொருள்களில் ஒன்றே ஒன்று உலகப்புகழ் பெற்றது. அதன் பெயர் ரெஸ்வெரட்ரால். 1939-ல் ஜப்பானிய ஆய்வாளர் மிச்சியோ தகாவோகா வேறொரு செடியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. புகழ் வந்தது 1990-களில். பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் பாலாடைக்கட்டியுமாகச் சாப்பிட்டும் அவர்களிடையே மாரடைப்பு குறைவாக இருப்பது ஏன் என்ற கேள்வியைச் செர்ஜ் ரெனோ என்ற விஞ்ஞானி 1992-ல் 'லான்செட்' இதழில் எழுப்பினார். ஒயின் காரணமாக இருக்கலாம் என்றார். அதே ஆண்டு ஒயினில் ரெஸ்வெரட்ரால் இருப்பதும் கண்டறியப்பட்டது. 1997-ல் அது சோதனைக்கூடத்தில் புற்றுநோய் உருவாவதன் பல கட்டங்களைத் தடுக்கிறது என்று 'சயன்ஸ்' இதழ் வெளியிட்டது. 2003-ல் ஈஸ்டின் ஆயுளை நீட்டியது. 2006-ல் கொழுப்புத் தீனியில் வளர்ந்த எலிகளின் ஆயுளை நீட்டியது. 2008-ல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் நிறுவனம் இந்த வழியில் மருந்து தேடிய சர்ட்ரிஸ் என்ற சிறு நிறுவனத்தை 72 கோடி டாலருக்கு வாங்கியது.

பிறகு சரிவு. 2010-ல் புற்றுநோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்த சோதனை சிறுநீரகப் பாதிப்பால் நிறுத்தப்பட்டது. 2012-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகம், தன் ஆய்வாளர் ஒருவர் ரெஸ்வெரட்ரால் குறித்த ஆய்வுகளில் தரவுகளைப் புனைந்தும் திரித்தும் இருக்கிறார் என்று விசாரித்து அறிவித்தது. சர்ட்ரிஸ் 2013-ல் மூடப்பட்டது. எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது 2014-ல் வெளிவந்த ஓர் எளிய ஆய்வு. இத்தாலியில் ஒயினுக்குப் பேர்போன கியாந்தி வட்டாரத்தில் 65 வயது தாண்டிய 783 பேரின் சிறுநீரில் ரெஸ்வெரட்ரால் எச்சத்தை அளந்து, ஒன்பது ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்தார்கள். அதிக எச்சம் இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் மாரடைப்பிலோ புற்றுநோயிலோ சாவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். வாய்வழி போகும் ரெஸ்வெரட்ரால் குடலில் நன்றாகவே ஈர்க்கப்படுகிறது. ஆனால் குடலும் கல்லீரலும் அதை உடனே உருமாற்றிவிடுகின்றன. மாறாத வடிவில் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். மேலும், ஒரு கிண்ணம் திராட்சையில் இருப்பதே ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் கொடுத்தது நூற்றுக்கணக்கான மில்லிகிராம். அந்த அளவைப் பழத்தால் எட்ட முடியாது. ஆகவே, ரெஸ்வெரட்ரால் ஆய்வைக் காட்டித் திராட்சை புற்றுநோயைத் தடுக்கும் என்று எழுதுவது பிழை. அந்தப் பெயரில் விற்கும் மாத்திரைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. 'ஒயின் இதயத்துக்கு நல்லது' என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. திராட்சையின் நன்மை வேண்டுபவர் திராட்சையைத் தின்னலாம்.

ஒரு மூலக்கூறின் கதை பொய்த்ததால் பழத்தின் கதை பொய்த்துவிடவில்லை. முழுத் திராட்சையையும் அதன் சாற்றையும் பொடியையும் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் தனியே உண்டு. 1999-ல் இதயநோயாளிகள் 15 பேர் இரண்டு வாரம் கருஊதாத் திராட்சைச் சாறு குடித்ததில் அவர்களுடைய ரத்தக்குழாய்கள் விரிந்துகொடுக்கும் திறன் மேம்பட்டது. ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. பாலிஃபீனால்கள் அந்தச் சுரப்புக்கு உதவுகின்றன என்பதே விளக்கம். பல சிறு சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, மேல் ரத்த அழுத்தம் சுமார் ஒன்றரைப் புள்ளி குறைவது தெரிந்தது. கீழ் அழுத்தத்தில் மாற்றமில்லை. ஒன்றரைப் புள்ளி என்பது உண்மையான இறக்கம்தான். ஆனால் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அது ஒன்றுமே இல்லை. சோற்றில் உப்பைக் குறைத்தால் இதைவிடக் கூடுதலாக இறங்கும்.

அண்மைக்கால ஆய்வுகள் குடலைப் பார்க்கின்றன, இந்தத் திசை எனக்கு நம்பிக்கை தருகிறது. பாலிஃபீனால்களில் பெரும்பகுதி சிறுகுடலில் ஈர்க்கப்படாமல் பெருங்குடலுக்கு இறங்குகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிறு சிறு அமிலங்களாக உடைக்கின்றன. அந்த அமிலங்கள்தான் ரத்தத்தில் கலந்து வேலை செய்கின்றன. கலிஃபோர்னியாவில் 19 பேருக்கு நான்கு வாரம் நாளொன்றுக்கு 46 கிராம் திராட்சைப் பொடி கொடுத்தபோது குடல் நுண்ணுயிர்களின் வகை பெருகியது, ரத்தத்தின் மொத்தக் கொலஸ்ட்ரால் ஆறு சதவீதம் போலக் குறைந்தது. சிங்கப்பூரில் முதியவர்கள் 34 பேரிடம் 16 வாரம் நடந்த ஆய்வில் விழித்திரையின் நடுப்பகுதியைக் காக்கும் நிறமியின் அடர்த்தி கூடியது. 'பார்வை தெளியும்' என்ற பேச்சுக்கு இன்று இருக்கும் ஆதாரம் இந்த அளவில்தான். நிறமி கூடியது, பார்வை கூடியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். 46 கிராம் பொடி என்பது 250 கிராம் பழத்துக்குச் சமம். நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்குப் பரிந்துரைப்பதே எல்லாப் பழமும் சேர்ந்து 100 கிராம்தான். இரண்டாவது, கலிஃபோர்னியத் திராட்சை விவசாயிகளின் ஆணையம் இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றுக்குப் பணமும் பொடியும் கொடுக்கிறது. சாறு ஆய்வுகள் பலவற்றுக்குச் சாறு விற்கும் நிறுவனம் ஆதரவளித்தது. அதனால் முடிவுகள் பொய் என்றாகாது. ஆனால் சிறு ஆய்வு, குறுகிய காலம், விற்பவர் பணம் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் அந்த முடிவைத் தொடக்கமாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோய் பற்றி இதைவிடப் பெரிய சான்று இருக்கிறது. அமெரிக்காவில் செவிலியர்களும் பிற மருத்துவத் துறையினருமாக 1,87,382 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஹார்வர்ட் ஆய்வு 2013-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. வாரத்துக்கு மூன்று முறை திராட்சையோ உலர் திராட்சையோ தின்றவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 12 சதவீதம் குறைவாக இருந்தது. ப்ளூபெர்ரிக்கு அடுத்த இடம் திராட்சைக்குத்தான். பழச்சாறு குடித்தவர்களுக்கோ வாய்ப்பு எட்டு சதவீதம் கூடியது. சாற்றை விட்டுத் திராட்சைக்கு மாறினால் 19 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள். பழம் தின்பவர்கள் பொதுவாகவே உடம்பைப் பேணுபவர்களாக இருக்கலாம் என்பதால் எல்லாப் புகழையும் பழத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் பழமும் சாறும் எதிரெதிர்ப் பக்கம் நின்றதை ஒதுக்கிவிடவும் முடியாது.

நம் ஜூஸ் கடைகளில் நடப்பதைப் பார்த்தால் இது புரியும். பன்னீர்த் திராட்சையைச் சர்க்கரையோடு மிக்சியில் அடித்து, வடிகட்டியில் ஊற்றி, கரண்டியால் தேய்த்துச் சக்கையைத் தட்டிவிடுகிறார்கள். கொட்டை முழுவதும், தோலில் பெரும்பகுதியும் சக்கையில் போய்விடுகின்றன. கொஞ்சம் நிறம் மட்டும் சாற்றில் தங்குகிறது. சர்க்கரையே சேர்க்காத 200 மில்லி திராட்சைச் சாற்றில் சுமார் 28 கிராம் சர்க்கரை உண்டு. அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. ஒரு நாள் முழுமைக்கும் 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கில் பழச்சாற்றின் சர்க்கரையும் சேரும், முழுப் பழத்தின் சர்க்கரை சேராது. வீட்டில் திராட்சையைக் கொதிக்கவைத்துச் சர்க்கரைப்பாகோடு பாட்டிலில் அடைத்து வைப்பதும் இதே வகைதான்.

ஆகவே, கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரை நோயாளி திராட்சையைத் தொடவே கூடாது என்பது சரியில்லை. ஒரு கைப்பிடி, அதாவது 15 பழம் வரை, தோலோடு, மென்று, சோறு உண்ட கையோடு இல்லாமல் இடைவேளையில் சாப்பிடலாம். பிறகு ரத்தச் சர்க்கரையை அளந்து பார்த்துத் தன் உடம்புக்கு அந்த அளவு தாங்குகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று 2023-ல் வெளிவந்த தேசிய ஆய்வு சொல்கிறது. அத்தனை பேரையும் பழத்திலிருந்து விரட்டிவிட்டு, டீக்கு பிஸ்கட்டைக் கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

உலர் திராட்சையின் கணக்கு வேறு. தண்ணீர் போய்விடுவதால் 100 கிராமுக்கு 300 கலோரி, 60 கிராம் அளவுக்குச் சர்க்கரை, 750 மில்லிகிராம் பொட்டாசியம். நார்ச்சத்து மூன்றரைக் கிராமுக்கு மேல். மலச்சிக்கலுக்கு இரவில் பத்துப் பதினைந்து ஊறவைத்துக் காலையில் தண்ணீரோடு சாப்பிடும் வழக்கத்தில் பொருள் இருக்கிறது. நார்ச்சத்தும் டார்டாரிக் அமிலமும் சேர்ந்து குடலை இளக்குகின்றன. ஆனால் அதே ஊறல் தண்ணீரைப் பச்சிளம் குழந்தைக்குச் சங்கில் புகட்டுவதை நிறுத்த வேண்டும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம். குழந்தை இரண்டு மூன்று நாள் மலம் கழிக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டலாம்.

தோலோடு தின்னுங்கள் என்று சொல்பவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. பூச்சிமருந்தும் தோலில்தான் படிகிறது. திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய் இரண்டும் தீராத தொல்லை. மழை பெய்து ஈரம் நின்றால் விவசாயி அடுத்தடுத்து மருந்து அடிக்காமல் பயிரைக் காப்பாற்ற முடியாது. 2010-ல் இந்தியத் திராட்சையில் க்ளோர்மெக்வாட் என்ற வளர்ச்சி ஒழுங்குபடுத்தியின் எச்சம் இருந்ததால் ஐரோப்பா சரக்குகளைத் திருப்பியது. அதன் பின் ஏற்றுமதிப் பழத்துக்குச் சோதனை மேலும் கடுமையானது. உள்ளூர்ச் சந்தைக்கு வரும் பழத்துக்கும் அதே சோதனை வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அது வரும்வரை வீட்டில் செய்யக்கூடியதைச் செய்வோம். கொத்தைக் கத்தரியால் சிறு சிறு கிளைகளாக வெட்டி, ஓடும் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து 15 நிமிடம் ஊறவைத்தால் மேற்பரப்பில் உள்ள மருந்து நன்றாகக் கழியும் என்பது ஆப்பிளில் நடந்த சோதனையில் தெரிந்தது. தோலுக்குள் ஊடுருவியதை எந்தக் கழுவலும் எடுக்காது. சோப்பு வேண்டாம். பழத்தின் மேல் மெல்லிய சாம்பல் பூத்தாற்போல் படிந்திருப்பது இயற்கையான மெழுகு, அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். நீலப்பச்சைத் திட்டாகக் காய்ந்திருப்பதுதான் போர்டோ கலவை என்ற பூஞ்சைமருந்து. அதை அவசியம் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மருந்து சாப்பிடுபவர்களுக்கு இரண்டு சொல். சிறுநீரக நோயில் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பச்சைத் திராட்சையோ கறுப்போ கொஞ்சம் சாப்பிடலாம், உலர் திராட்சை ஆகாது. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடு சேரக் கூடாது என்று எச்சரிக்கப்படும் கிரேப்ஃப்ரூட் எலுமிச்சைக் குடும்பத்துப் பெரிய பழம், அந்த எச்சரிக்கை திராட்சைக்குப் பொருந்தாது.

வாங்கும்போது காம்பைப் பாருங்கள். பச்சையாக வளைந்துகொடுத்தால் அண்மையில் அறுத்தது, பழுப்பாகக் காய்ந்திருந்தால் பழையது. திராட்சை கொடியைவிட்டு இறங்கிய பிறகு பழுக்காது, ஆகவே புளிப்பாக இருப்பதை வாங்கி வீட்டில் வைத்து இனிக்கும் என்று காத்திருக்க வேண்டாம். கழுவாமல் குளிர்பெட்டியில் வைத்து, தின்னும்போது கழுவுங்கள். பச்சையைவிடக் கறுப்பு மேல், விதையில்லாததைவிடக் கொட்டையுள்ள பன்னீர் மேல், ஆனால் கொட்டையைக் கடித்து மென்றால்தான் அதன் பலன் சேரும், விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும். கடிக்கப் பிடிக்காதவர்கள் தோலையாவது விடாதீர்கள்.

ஐந்து வயது நிறையாத குழந்தைகளுக்கு மட்டும் வேறு முறை. முழுத் திராட்சை அவர்களுடைய மூச்சுக்குழாயை இறுக்கமாக அடைத்துக்கொள்ளும் அளவிலும் வழவழப்பிலும் இருக்கிறது. இதனால் உலகெங்கும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். கொட்டையை எடுத்துவிட்டு, பழத்தை நீளவாக்கில் நான்காக அறுத்து, குழந்தையை உட்காரவைத்து, பக்கத்தில் இருந்து கொடுங்கள். ஓடி விளையாடும் கையில் திராட்சைக் கொத்தைக் கொடுத்தனுப்பாதீர்கள்.